சம்பந்தி ஜே.பி.யும் என் கறுப்பு ஜாக்கெட்டும்

1

என் அலமாரியில் ஒரு கறுப்பு ஜாக்கெட் தொங்குகிறது. கழுத்துவரை பொத்தான் வைத்தது. என் அளவுக்கென்றே தைத்தது. நான் ஒரு நாள்கூடப் போட்டுக்கொள்ளாதது. அதற்குத் துணையாக மேல் தட்டில் ஒரு சொங்கோக், அதாவது இங்கே அரசு விழாக்களுக்கு அணிகிற கறுப்பு வெல்வெட் தொப்பி. இரண்டையும் ஏன் வாங்கினேன் என்று இதுவரை மூன்று பேருக்கு மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறேன். ஊரில் இருக்கிற உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். நடுவில் கடல் இருக்கிற தைரியம்தான்.

என்னை மாஜிஸ்திரேட் ஆக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

நான் துறையூரிலிருந்து மலேசியாவில் உள்ள சிரம்பானுக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு வேலை. கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். என் மாமனார் காலமெல்லாம் கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். நான் அந்தப் பாலில் செய்த பொருளில் ஓட்டை தேடுகிறேன். இந்தத் தொழில் ஒரு மனிதனின் சுபாவத்தை என்ன செய்யும் என்பதைப் போகப்போகப் பார்ப்பீர்கள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசி அடித்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் மலாயில் பேசினார். ஜே.பி. நியமனம் சம்பந்தமாக உங்களைப் பார்க்க வேண்டும், அடுத்த மாதம் இன்ன தேதியில் அடையாள அட்டையோடு வர முடியுமா என்றார். மேற்கொண்டும் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் விடவில்லை. முடியும், கட்டாயம் வருகிறேன், மிக்க நன்றி என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லித் துண்டித்துவிட்டேன். சந்தோஷச் செய்தியை முழுசாகக் கேட்க எவனுக்குப் பொறுமை இருக்கிறது?

2

ஜே.பி. என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் நம் ஊரில் கௌரவ மாஜிஸ்திரேட் என்று ஒருவர் இருந்ததாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஊருக்குள் நாலு பேர் மதித்தால் போதும். அந்த மரத்தின் ஒரு கிளை இங்கே இன்னும் பச்சையாக இருக்கிறது. மலாயில் 'ஜக்சா பெண்டாமாய்', எழுத்தில் அமைதி நீதிபதி, வாயில் ஜே.பி. பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். கல்யாணப் பத்திரிகையில் அது தரும் அழகே தனி. சட்டப்படி கீழ்நிலை மாஜிஸ்திரேட்டுக்கான சில அதிகாரங்கள் அவருக்கு உண்டு என்கிறார்கள். நடைமுறையில் நீதிமன்ற நாற்காலியில் உட்காருவது அபூர்வம். சிறைக்கும் லாக்கப்புக்கும் போய், உள்ளே இருப்பவர்களின் நிலைமையைப் பார்த்துவரும் கடமைதான் மிச்சம். சிலர் அதைச் செய்கிறார்கள். சிலர் பத்திரிகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆவது எப்படி? பரீட்சை கிடையாது. நான் வருகிறேன் என்று தானே கை தூக்குவது மரியாதை இல்லை. குடியிருப்புச் சங்கமோ கோயில் கமிட்டியோ சட்டமன்ற உறுப்பினரோ பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். அங்கே ஒரு படிவம். பிறந்தது, படித்தது, செய்த பொதுக்காரியம், நன்றாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். பிறகு போலீஸ் தன் ஏட்டைப் புரட்டும். திவாலானவரா என்று வேறொரு இலாகா பார்க்கும். எல்லாம் தாண்டி அரண்மனைக்குப் போய், மாநில ஆட்சியாளர் சம்மதித்தால் நியமனம். எங்கள் வீட்டுப் பக்கம் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டுச் சட்டப் பரீட்சைக்குப் போய் என்னைத் திட்டாதீர்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் மாநிலமான நெகிரி செம்பிலானில் அந்த ஆட்சியாளரே நான்கு குலத்தலைவர்கள் கூடித் தேர்ந்தெடுத்து வருபவர்தான். மேலிருந்து கீழ்வரை எல்லாரையும் யாரோ ஒருவர் பெயர் சொல்லித்தான் உட்காரவைக்கிற மாநிலம். இங்குள்ள மலாய்க்காரர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு: சொத்து தாய்வழி, மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுவான். நானும் சிரம்பானை ஒட்டிய ராசாவில் மாமனார் கட்டிய வீட்டில்தான் இருக்கிறேன். ஊர்க்காரர்கள் வீட்டோடு மாப்பிள்ளை என்று கிண்டல் செய்தால், மாநிலப் பண்பாட்டை மதிக்கிறேன் என்று பதில் சொல்லி வருகிறேன்.

3

நான் நிரந்தரவாசி, இன்னும் குடிமகன் இல்லை. இங்கே குடிமகனுக்கு நீல அட்டை, என் போன்றவனுக்குச் சிவப்பு. குடியுரிமைக்கு மனுப் போட்டுப் பல வருடம் ஆயிற்று. அலுவலகத்துக்குப் போய்க் கேட்கும்போதெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்பார்கள். என் மகளுக்குக் கல்யாணமாகிப் பேத்தியும் பிறந்துவிட்டாள்; நான் இன்னும் பரிசீலனையில் இருக்கிறேன். ஓட்டுப் போடவே உரிமை இல்லாதவனைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிடுவார்களா என்று உள்ளே ஒரு சின்னக் குரல் கேட்கத்தான் செய்தது. கௌரவ டாக்டர் பட்டம் வாங்குகிறவன் ஊசி போடத் தெரிந்தவனா என்று அதன் வாயை அடைத்தேன்.

அந்தச் சனிக்கிழமையே சிரம்பானில் எனக்குத் தெரிந்த தையல்கடைக்குப் போனேன். கடைக்காரர் இராமநாதபுரத்துப் பக்கத்துக் குடும்பம், எல்லாருக்கும் பாய்.

"யாருக்கு சார் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல பாய். அரண்மனை விசேஷம் ஒண்ணு வரும்போல."

பாய் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தார். வயிற்றைச் சுற்றியவர் அப்படியே நின்றார். "மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்காதீங்க சார். அரண்மனையில மூச்சு விட்டுத்தான ஆகணும்?"

விட்டேன். பாய் அளவைக் குறித்துக்கொண்டார். படிக்காமல் இருந்திருக்கலாம், படித்தேன்.

கோலாலம்பூரில் இருக்கும் மகள் நித்யாவுக்குத் தமிழில் அரைப் பக்கம் செய்தி அனுப்பினேன். சாதாரணமாக என் அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வரும். அன்று மூன்று வந்தன. மூன்று கட்டைவிரலுக்கு மேல் ஒரு தகப்பன் இந்தக் காலத்தில் எதிர்பார்க்கக் கூடாது. என் மனைவி சரோஜா தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த ஆபீஸ் புள்ள பேசி முடிச்சிச்சா?"

"முக்கியமானத சொல்லிருச்சு."

"சரி லா," என்றாள். மலேசியத் தமிழில் அந்த 'லா'வுக்குப் பல அர்த்தம் உண்டு. இது நல்ல அர்த்தம் இல்லை.

4

மாவட்ட அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். ஒரு வாய் டீ சாப்பிடுகிறீர்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பொறுத்துக்கொண்டேன்; பதவிக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, என் வயது இருக்கும். பேச்சு மலாயில் நடந்தது. எனக்கு விளங்கிய அளவில் தருகிறேன். நான் அடையாள அட்டையையும், கேட்காமலேயே கொண்டுபோன இரண்டு புகைப்படங்களையும் மேஜையில் வைத்தேன். அட்டையைப் பார்த்துவிட்டுப் படங்களை என் பக்கம் தள்ளினார்.

"இது எதற்கு?"

"நியமனத்துக்கு."

"யாருடைய நியமனத்துக்கு?" என்றவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. நல்ல மனுஷி, சிரிக்கவில்லை. "திரு. முனியாண்டியின் பெயரை அவருடைய குடியிருப்புச் சங்கம் முன்மொழிந்திருக்கிறது. தன்னை நன்றாகத் தெரிந்தவர் என்று உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார். அதைத்தான் அன்று போனில் சொல்ல வந்தேன்."

முனியாண்டி என் சம்பந்தி. நித்யாவின் மாமனார். போர்ட்டிக்சன் சாலையில் இருந்த ஒரு தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் படிவத்தோடு, அதாவது நம் ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டு, செம்பனை என்கிற எண்ணெய்ப் பனையில் குலை வெட்டி, மண்டோர் என்கிற மேஸ்திரியாகி ஆட்களை மேய்த்து, தோட்டம் வீட்டுமனையானபின் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மாற்று வீடு கேட்டு நின்ற தோட்டக் குடும்பங்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். இன்றைக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்துகிற சண்டை, நாய்ச் சண்டை, மாமியார் சண்டை எல்லாம் அவர் வேன் கதவடியில்தான் தீரும். படித்தவன் என்ற முறையில் நான் அவருக்கு அவ்வப்போது தமிழ் உச்சரிப்பைத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி வரிசையாகக் கேட்டார். எத்தனை வருடப் பழக்கம்? அக்கம்பக்கத்தார் தேடிவருவார்களா? கோபக்காரரா? எல்லாவற்றுக்கும் சுமாரான பதில் சொன்னேன். பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: "பின்னால் வெளியே வந்தால் மாநிலத்துக்குச் சங்கடம் தரக்கூடிய விஷயம் அவர் வாழ்க்கையில் ஏதாவது இருக்கிறதா?"

இருந்தது. தோட்டம் கைமாறிய சமயம், மாற்று வீடு முடிவாகும் முன்பே தொழிலாளர்களின் லைன் வீடுகளை இடிக்க இயந்திரம் வந்தபோது, முனியாண்டி பாதையின் குறுக்கே டிராக்டரை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போலீஸ் பிடித்துப்போய் ஒரு நாள் லாக்கப்பில் வைத்து, வழக்கில்லாமல் விட்டது. இதை அவர் எல்லா விசேஷத்திலும் சொல்வார். எங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தன்று, தாம்பூலத் தட்டு கைமாறுகிற நேரத்தில் சொன்னார்.

நான் நினைத்திருந்தால் மூடியிருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் ஓட்டை தேடின கை. அலுவலகத்தில் பொய் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம், பாய் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்.

"அவர் ஒருமுறை லாக்கப்பில் இருந்திருக்கிறார்," என்றேன்.

அதிகாரி ஒரு தாளைத் தட்டினார். "அவரே எழுதியிருக்கிறார். படிவத்தில் இடம் போதாமல் தனித்தாள் வைத்திருக்கிறார். உங்களுக்கு எப்போது தெரியும்?"

"நிச்சயதார்த்தத்தன்று."

"தெரிந்த பிறகும் பெண் கொடுத்தீர்களா?"

"கொடுத்தேன்."

"சரி," என்று அதை எழுதிக்கொண்டார். நான் அங்கே சொன்னதில் உருப்படியான சாட்சியம் அது ஒன்றுதான் என்பது அவர் எழுதிய வேகத்தில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து, ஒன்றரை மணி நேரம் டீ கூட இல்லாமல் உட்காரவைத்த கொடுமையிலிருந்து ஆரம்பித்தேன். சரோஜா கடைசிவரை கேட்டாள்.

"நல்ல வேள, உங்கள ஆக்கல. உள்ள கெடக்குறவனுக்கு சோறு வந்துச்சான்னு பாக்க அனுப்புனா, நீங்க ஒங்களுக்கு டீ வரலன்னு ரிப்போட் எழுதிட்டு வருவீங்க."

5

அதற்குப்பின் மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியாது. ஆவார் என்றும் சொல்ல மாட்டார்கள், ஆகமாட்டார் என்றும் சொல்ல மாட்டார்கள். பரிசீலனையில் எனக்கு அனுபவம் உண்டு, சம்பந்திக்குக் கிடையாது.

பேத்தியின் நாலாவது பிறந்தநாளை சி ரூசா கடற்கரையில் வைத்தார்கள். பேத்திக்கு 'தாத்தா' தவிர மற்றதெல்லாம் இங்கிலீஷ். நான் இலக்கணத்தோடு தமிழில் பேசினால் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள். முனியாண்டி தமிழும் மலாயும் இங்கிலீஷும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பிசைந்து பேசுவார். கலகலவென்று சிரித்துக்கொண்டு பதில் சொல்வாள். அன்றைக்கு அவளும் அவரை உலுக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மனுஷன் சவுக்கு மரத்தடியில் பாயில் உட்கார்ந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரமாகியும் லாக்கப் கதை வரவில்லை. எத்தனை முறை சலித்துக்கொண்டிருப்பேன்; வராதபோது பயமாக இருந்தது.

"என்ன சம்பந்தி, டிராக்டர் சாவிய எங்க வச்சீங்க இன்னிக்கு?" என்றேன்.

"வேணாம் சம்பந்தி. ஒரு வாட்டி உள்ள போனவனுக்கு எப்பிடிக் குடுப்பாங்கன்னு பிளாட்ல பேசிக்கிறாங்க. நம்மளே ஊரெல்லாம் தண்டோரா போட்டுட்டோம் லா."

கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தேன். "அந்த ஆபீஸ்ல என்னையும் கேட்டாங்க. நான் சொல்லிட்டேன்."

"லாக்கப்பு கதையவா?"

"ஆமா. உண்மையக் கேட்டா..." மீதிப் பாதியில் ஜாக்கெட் வரும்; நிறுத்திக்கொண்டேன்.

முனியாண்டி என்னை ஒரு முறை பார்த்தார். "நல்லதாப் போச்சு. நான் நடந்துச்சுன்னு எழுதி, நீங்க இல்லன்னு சொல்லியிருந்தா, ரெண்டு பேருல எவன் பொய்யன்னு தேடியிருப்பாங்க." பாயில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார். "பேருக்குப் பின்னால ரெண்டு எழுத்து வேணும்னு நான் அலையல சம்பந்தி. அன்னிக்கு உள்ள ஒரு நாளு இருந்தது எனக்குப் பெரிசில்ல. நான் எங்க இருக்கேன்னு வீட்டுக்கு ஒருத்தனும் சொல்லல. பொஞ்சாதி மூணு ஸ்டேசன் ஏறி எறங்கியிருக்கா, கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு."

கைப்பிள்ளை என்பது என் மருமகன்.

"மத்தியானம் ஒருத்தரு வந்தாரு. கோட்டு போட்டவரு. ஜே.பி.ன்னு சொன்னாங்க. நான் எந்திரிச்சு கம்பியப் புடிச்சிட்டு நின்னேன், கேப்பாருன்னு. அவரு கதவாண்டயே நின்னு, எல்லாம் சரியான்னு கேட்டாரு. எங்கள இல்ல, போலிஸ்காரர. அவரும் சரின்னாரு. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு. அன்னிக்கே நெனச்சேன், இந்த வேலைக்கு ஆளை எப்பிடி எடுக்குறாங்கன்னு. உள்ள இருந்து பாத்தவன் ஒருத்தனாச்சும் வேணாமா?"

என் காரணம் ஒரு ஜாக்கெட், இவருடையது இது. இவருடைய ஓட்டையைத்தான் நான் மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டு வந்திருந்தேன். அன்றிலிருந்து இந்த நியமனம் வர வேண்டும் என்று அவரைவிட அதிகமாக வேண்டிக்கொண்டது நான்தான்.

6

மாநில ஆட்சியாளரின் பிறந்தநாள் இங்கே பொங்கலை ஒட்டி வருகிறது. பட்டம் பெற்றவர்கள் பட்டியல் அப்போதுதான் வெளியாகும். போகியன்று காலை சரோஜா வாசலில் கோலமாவோடு நின்றாள். நான் செய்தித்தாளைத் தரையில் விரித்து மண்டியிட்டிருந்தேன். பொடி எழுத்தில் பெயர்கள். கையுறையில் ஊசித் துவாரம் தேடுகிற கண் முதல் முறையாக ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. மூன்றாவது பத்தியில் முனியாண்டி இருந்தார்.

போன் போட்டேன். பெயரைப் படித்துக் காட்டினேன்.

"வேற முனியாண்டியா இருக்கப்போறான். நல்லாப் பாருங்க லா. இந்த நாட்டுல கல்ல விட்டெறிஞ்சா ஒரு முனியாண்டி மேல விழும்."

"அப்பா பேரு ராமன்னு போட்டிருக்கு சம்பந்தி."

"அதுவும் நெறய பேருக்கு இருக்கும்," என்றார். ஆனால் குரல் உடைந்திருந்தது. பின்னால் சம்பந்தியம்மா, "என்னவாம், என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே வருவது கேட்டது. முனியாண்டி போனை அந்தம்மாவிடமே கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் வேனிலேயே வீட்டுக்கு வந்தார்கள். அரண்மனைக்குப் போக உடுப்பு வேண்டும், வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். நான் எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். "வாடகை எதுக்கு? உங்களுக்காகத்தான் தச்சு வச்சிருக்கேன். உங்களுக்குக் கிடைக்கும்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

சரோஜா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டீ போட உள்ளே போனாள். முனியாண்டி ஜாக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், கோயில் மாலையை வாங்குவது மாதிரி. பாயிடம் சொன்னது அரண்மனை விசேஷம். தொழிற்சாலையில் சொன்னது அக்கா மகன் கல்யாணம். மூன்றாவது பொய் இது. மூன்றிலும் இது ஒன்றைச் சொல்லும்போதுதான் எனக்கு மனசு நிறைந்திருந்தது.

நியமன விழாவன்று நான் மண்டபத்துக்கு வெளியே நின்றேன். அவர் வெளியே வந்தபோது ஜாக்கெட் உடம்போடு ஒட்டிக் கச்சிதமாக இருந்தது. சம்பந்தியம்மா உள்பக்கம் ஏதோ கைவேலை செய்திருக்கிறார் என்று தோன்றியது. சொங்கோக்கைக் கழற்றித் தலையைத் துடைத்துவிட்டு அவர் என்னிடம் முதலில் கேட்டது: "பசியாறிட்டீங்களா சம்பந்தி?"

7

இந்தப் பொங்கலோடு ஒரு வருடம். எனக்கு வயிறு நிறையப் பொங்கல், வாசலில் நல்ல வெயில், பேத்தி என் மடியில். அவளுக்கு இப்போது 'தாத்தா'வோடு 'பொங்கல்' என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. குடியுரிமை மனு பரிசீலனையில்தான் இருக்கிறது. புகார் சொல்லத் தேடினாலும் பெரிசாக ஒன்றும் அகப்படவில்லை.

முனியாண்டிக்கு லாக்கப் கதை திரும்ப வந்துவிட்டது. இப்போது புதிது புதிதாக. பார்க்கப் போகிற எல்லா லாக்கப்பிலும் அவர் கேட்பது மூன்று கேள்வி. தண்ணி குடிச்சியா? சாப்பிட்டியா? நீ இங்க இருக்குறது வீட்டுக்குத் தெரியுமா? ஒரு இடத்தில் வயதான லோரி ஓட்டுநர் ஒருவர் மூன்றாவது கேள்விக்கு வாய்விட்டு அழுதுவிட்டாராம். இவர் அங்கேயே நின்று, அந்த ஓட்டுநரின் மகளுக்குப் போன் போகிறவரை நகரவில்லை.

"பத்து நிமிச வேல சம்பந்தி," என்றார். "எனக்கு அன்னிக்கு அந்தப் பத்து நிமிசந்தான் வேண்டியிருந்துச்சு."

ஆட்களை எடுக்கிற முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சரியான ஆளைத்தான் எடுத்திருக்கிறார்கள், அதில் என் சாட்சியத்துக்கும் ஒரு பங்குண்டு என்று நான் ஒரு சிறிய உரை ஆற்றினேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள்.

புறப்படும்போது முனியாண்டி வேனிலிருந்து ஒரு பையை எடுத்துவந்து கொடுத்தார். ஜாக்கெட்டும் சொங்கோக்கும். துவைத்து, மடிப்புக் கலையாமல் தேய்த்திருந்தது.

"நானே ஒண்ணு தச்சிக்கிட்டேன் சம்பந்தி. இது ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

"அட, உங்களுக்காகத் தச்சது. நீங்களே வச்சுக்குங்க," என்றேன்.

முனியாண்டி ஜே.பி. ஜாக்கெட்டைத் தன் மார்போடு வைத்து விரித்துக் காட்டினார். பொத்தான் வரிசையின் இரு பக்கமும், விலாவோரம், சம்பந்தியம்மா கொத்துக் கொத்தாக ஊக்குக் குத்திய தடம் இன்னும் தெரிந்தது.

"அது சரி சம்பந்தி," என்றார், லாக்கப்பில் தண்ணி குடிச்சியா என்று கேட்பாரே, அதே குரலில். "எனக்காகத் தச்ச சட்டைக்கு, வயித்துல எதுக்கு இம்புட்டு எடம்?"